அட்சரேகை: வளையம் சிறுத்துக்கொண்டே போகிறது, ஒரு டிகிரி மட்டும் எப்படி எங்கும் 111 கி.மீ.?

#1 நீலப்பந்து

ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். அட்சரேகைப் பாடம் எளிதாகத் தொடங்கி நடுவில் எப்போதும் சிக்கிக்கொள்ளும். இந்த முறை ஒரு மாணவி கேட்டதை அப்படியே தருகிறேன்: "குளோபில் மேலே போகப் போக வளையம் சின்னதாகிறது. உச்சியில் வெறும் புள்ளிதான். வளையமே சின்னதாகும்போது ஒரு டிகிரி மட்டும் எல்லா இடத்திலும் 111 கிலோமீட்டர் எப்படி இருக்கும்?"

பாடத்தில் "கிழக்கு மேற்காக வரையப்பட்ட கற்பனைக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையானவை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்குக்கூட இந்தக் கேள்விக்கு அதிலிருந்து விடை கிடைக்காது. வடக்கே போகும் டிகிரி வேறு, கிழக்கே போகும் டிகிரி வேறு என்பது எனக்குத் தெரியும். பதினோரு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி அதை எப்படிச் சொல்வது? படம், செய்முறை, கணக்கு எதுவானாலும் சரி.

#2 கோணமானி

டீச்சர், கோட்டை விட்டுவிட்டுக் கோணத்தில் தொடங்குங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பூமியின் மையத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை நிலநடுக்கோட்டை நோக்கி நீட்டுங்கள். மற்றக் கையை வடக்கே உள்ள ஏதாவது ஓர் இடத்தை நோக்கி உயர்த்துங்கள். இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள கோணம்தான் அந்த இடத்தின் அட்சம். 40 டிகிரி உயர்த்தியிருந்தால் 40 டிகிரி வடக்கு. உயர்த்திய கையை அதே சாய்வில் வைத்துக்கொண்டு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால், விரல் காட்டும் திசை தரையில் ஒரு வட்டம் போடும். குளோபில் அச்சடித்திருக்கும் 40 டிகிரி வளையம் அதுதான். முதலில் வந்தது கோணம். வளையம் அதே கோணமுள்ள இடங்களையெல்லாம் சேர்த்ததால் வந்தது.

இப்போது 111-க்கு வருவோம். கையை 40-லிருந்து 41-க்கு உயர்த்தும்போது விரல் காட்டும் இடம் வடக்கே நகரும் தூரம் அது. இரண்டு துருவங்கள் வழியாகப் பூமியை ஒரு முறை சுற்றினால் 40,008 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால் 111 கிடைக்கும். 0-லிருந்து 1-க்குப் போனாலும் 89-லிருந்து 90-க்குப் போனாலும் மையத்திலிருந்து தரைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே நகரும் தூரமும் ஒன்றுதான். 111 என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. வளையம் பெரிதா சிறிதா என்று அந்த இடைவெளிக்குத் தெரியவே வேண்டாம்.

சிறுத்துப் போவது வேறொன்று. வளையத்தின் மேலேயே கிழக்கு நோக்கி நடந்தால் தீர்க்கரேகைகளை ஒவ்வொன்றாகக் கடப்பீர்கள். அந்த டிகிரி நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., 30 டிகிரி அட்சத்தில் 96, 45-ல் 79, 60-ல் 56, 80-ல் வெறும் 19, துருவத்தில் பூஜ்யம். நிலநடுக்கோட்டு நீளத்தை அட்சத்தின் கொசைனால் பெருக்கினால் இந்த எண்கள் வரும்.

#3 புதுவாசகி

கோணமானி சார், ஆறாம் வகுப்பில் கொசைன் கிடையாதே. 60 டிகிரியில் ஏறக்குறையச் சரிபாதி வருவதைக் குளோபை வைத்தே காட்ட முடியுமா?

#4 கோணமானி

முடியும். குளோபின் 60 டிகிரி வளையத்தைச் சுற்றி ஒரு நூலை வைத்து, ஒரு முழுச் சுற்று வந்ததும் வெட்டிக்கொள்ளுங்கள். அதே நூலை நிலநடுக்கோட்டில் வைத்தால் பாதி தூரம்தான் எட்டும். குளோபின் அளவு எதுவானாலும் இதுதான் நடக்கும்.

ஏன் சரியாகப் பாதி என்பதற்கும் கொசைன் தேவையில்லை. பூமியைத் துருவத்திலிருந்து துருவத்துக்குச் செங்குத்தாகப் பிளந்த முகத்தை ஒரு வட்டமாகப் பலகையில் வரையுங்கள். மையம் ஒரு புள்ளி. நிலநடுக்கோடு வட்டத்தைத் தொடும் இடம் இரண்டாவது. அதே பக்கத்தில் 60 டிகிரி உயரத்தில் மூன்றாவது. மூன்றையும் இணைத்தால் சமபக்க முக்கோணம், ஏனென்றால் இரண்டு பக்கங்கள் ஆரம், நடுக்கோணம் 60. மேலே உள்ள புள்ளியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இறக்குங்கள். அது அடிப்பக்கத்தின் நடுவில் விழும். அதாவது 60 டிகிரியில் உள்ள இடம் பூமியின் அச்சிலிருந்து பாதி ஆரத் தூரத்தில் இருக்கிறது. வளையத்தின் ஆரம் பாதியானால் சுற்றளவும் பாதி: 40,000 கி.மீ. அங்கே 20,000 ஆகிறது.

இதிலிருந்து இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பூமி ஒரு நாளில் ஒரு சுற்று. நிலநடுக்கோட்டில் உள்ளவர் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறார், 60 டிகிரியில் உள்ளவர் அதில் பாதி வேகத்தில். துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புகிறார், அவ்வளவுதான்.

#5 கடலோடி

கப்பலில் பல ஆண்டு வழிகாட்டும் அதிகாரியாக இருந்தவன் நான். இந்த 111 என்ற எண் எங்களுக்கு வேறு வடிவில் தினமும் கையில் இருந்தது. ஒரு டிகிரியை 60 நிமிடமாகப் பிரித்தால், அட்சத்தின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 1929-ல் அதை 1,852 மீட்டர் என்று நிலையாக வரையறுத்தார்கள். 60 கடல் மைல் வடக்கே போனால் அட்சம் ஒரு டிகிரி கூடும். கணக்குப் போடாமலே தெரியும்.

ஒவ்வொரு புதிய அதிகாரிக்கும் முதலில் சொல்லித் தருவது இதுதான்: கடல் வரைபடத்தில் தூரம் அளக்க இடது வலது ஓரத்து அளவுகோலைத்தான் தொட வேண்டும், மேல் கீழ் ஓரத்தைத் தொடக் கூடாது. பக்கவாட்டில் இருப்பது அட்சம், அது தூரம் சொல்லும். மேலும் கீழும் இருப்பது தீர்க்கம், அதன் டிகிரி இடத்துக்கு இடம் சுருங்கும். டீச்சர், உங்கள் மாணவி கேட்டதும் இந்த விதியும் ஒன்றேதான். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெர்கேட்டர் வரைபடத்தில் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் ஒரு முறை) பக்கவாட்டு அளவுகோலிலும் நீங்கள் இருக்கும் அட்சத்துக்கு நேராகத்தான் கவராயத்தை வைக்க வேண்டும். வடக்கே போகப் போக அங்கே வரைபடம் இழுத்து நீட்டப்பட்டிருக்கும்.

#6 ஒற்றைக்கேள்வி

எல்லாம் சரி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உலக வரைபடத்தைப் பாருங்கள்: அட்சரேகைகள் எல்லாம் நேராக இடமிருந்து வலமாகப் போகின்றன. ஒருவர் கிழக்கே திரும்பி, திசைமாறாமல் நேராக நடந்துகொண்டே இருந்தால் அட்சரேகை மேல்தானே நடப்பார்? பிறகு ஏன் விமானங்கள் அந்தக் கோட்டை விட்டு வளைந்து போகின்றன? நேர்வழியை விட்டு யாராவது சுற்றுவழியில் போவார்களா?

#7 கோணமானி

இந்த இழையிலேயே அருமையான கேள்வி இதுதான் என்பேன். "கிழக்கே பார்த்தபடி நடப்பது" ஒன்று, "நேராக நடப்பது" வேறொன்று. நிலநடுக்கோட்டில் மட்டும்தான் இரண்டும் சேர்ந்து வரும்.

எடுத்துக்காட்டை மிகவும் கூர்மையாக்கிவிட்டால் தெரிந்துவிடும். வட துருவத்தில் ஒரு கம்பு நட்டிருக்கிறது. அதிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் அட்சரேகை அந்தக் கம்பைச் சுற்றிய 10 மீட்டர் ஆர வட்டம். அதன் மேல் கிழக்கே நடக்க வேண்டுமானால் ஒவ்வோர் அடியிலும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பாமல் நேரே போனால் வட்டத்தை விட்டு வெளியே போய்விடுவீர்கள். இதை நேர்கோடு என்று யாரும் சொல்ல மாட்டோம். 60 டிகிரியிலும் 40 டிகிரியிலும் நடப்பது இதே திருப்பம்தான். வட்டம் பெரிது என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

60 டிகிரி வடக்கில் கிழக்கே பார்த்து நின்று, திரும்பாமல் உண்மையிலேயே நேராக நடந்தால் என்ன ஆகும்? மெல்ல மெல்லத் தெற்கே இறங்குவீர்கள். சுமார் 10,000 கி.மீ. போனதும் நிலநடுக்கோட்டைக் கடப்பீர்கள். பிறகு தென் பாதியில் 60 டிகிரி வரை போய்விட்டுத் திரும்பி மேலே வருவீர்கள். இதைத்தான் பெருவட்டம் என்கிறோம்: மையம் பூமியின் மையத்திலேயே உள்ள வட்டம். எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பாதிகள். அட்சரேகைகளில் நிலநடுக்கோடு ஒன்றே பெருவட்டம், மற்றவை எல்லாம் சிறுவட்டங்கள்.

#8 நீலப்பந்து

இதை வகுப்பில் செய்து காட்ட முடியுமா? கம்பு உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

#9 கோணமானி

ஒரு பந்தும் ஒரு ரப்பர் பேண்டும் போதும். பந்தின் நடுவில் மாட்டினால் ரப்பர் பேண்ட் நிற்கும். சற்று மேலே, 40 டிகிரி இருக்கும் இடத்தில் மாட்டிப் பாருங்கள்: வழுக்கிக்கொண்டு மேலே ஏறிக் கழன்றுவிடும். இழுவிசை குறுகிய பாதையைத்தான் தேடும். பெருவட்டத்தில் அதற்குப் போக வேறு திசை இல்லை, சிறுவட்டத்தில் இருக்கிறது.

அடுத்து குளோபில் மாட்ரிட்டிலும் நியூயார்க்கிலும் ஒவ்வொரு விரலை வைத்து நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு ஊரும் 40 டிகிரிக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட ஒரே அட்சத்தில். நூல் அந்த அட்சரேகையில் படுக்காது, நடு அட்லாண்டிக்கில் 46 டிகிரிக்கும் மேலே ஏறி இறங்கும். அந்த நூலின் வழி சுமார் 5,770 கி.மீ., அட்சரேகை வழியே போனால் சுமார் 5,950 கி.மீ. ஒற்றைக்கேள்வி அவர்களே, விமானம் வளைந்து போகவில்லை. தாள் வரைபடம்தான் நேரான பாதையை வளைத்துக் காட்டுகிறது.

துருவத்துக்கு அருகே வித்தியாசம் இன்னும் பெரிது. 60 டிகிரியில் பூமியின் இந்தப் பக்கம் ஓர் இடம், நேர் எதிர்ப்பக்கம் ஓர் இடம். வளையத்தின் மேலே போனால் 10,000 கி.மீ. துருவத்தின் மேலாகக் கடந்தால் 6,670 கி.மீ.தான்.

#10 நிலஅளவையர்

தரையில் அட்சரேகையைக் குறிக்கிற வேலை என்று வந்தால் கோணமானி சொன்ன திருப்பம் கையில் தட்டுப்படும். வளைவு எவ்வளவு என்று சொல்கிறேன். 49 டிகிரி வடக்கில் ஓர் இடத்தில் கருவியை வைத்து, சரியாகக் கிழக்கே பார்த்து நேர்கோடு இழுக்கிறீர்கள். 1 கி.மீ. தள்ளி அந்தக் கோடு உண்மையான அட்சரேகையிலிருந்து சுமார் 9 செ.மீ. தெற்கே விலகியிருக்கும். 10 கி.மீ. போனால் 9 மீட்டர். 100 கி.மீ.க்கு 900 மீட்டர். தூரம் பத்து மடங்கானால் விலகல் நூறு மடங்காகிறது.

49 டிகிரியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே மேற்குப் பகுதியில் எல்லை அந்த அட்சரேகைதான். 1818 உடன்பாட்டில் ராக்கி மலைகள் வரைக்கும், 1846-ல் அதற்கு மேற்கேயும் ஒத்துக்கொண்டார்கள். உடன்படிக்கையில் "49 டிகிரி" என்று எழுதிவிடலாம், தரையில் அதைக் கண்டுபிடித்துக் கல் நடுவது நில அளவையர் தலையில் விழுந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அட்சம் கணித்து இடத்துக்கு இடம் அடையாளத் தூண்கள் நட்டார்கள். இன்று சட்டப்படி எல்லை என்பது ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும் நேர்கோடுகள். ஆகவே வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவது உண்மையில் பல சிறு துண்டுகள், அவை சரியான அட்சரேகைக்கு வடக்கும் தெற்குமாகச் சிறிது சிறிது விலகிப் போகின்றன.

#11 ஒற்றைக்கேள்வி

ரப்பர் பேண்டைச் செய்து பார்த்தேன், கழன்று வந்துவிட்டது. நூலும் நீங்கள் சொன்னபடியே மேலே ஏறுகிறது. நேராகப் போவதும் ஒரே திசை பார்த்துப் போவதும் வேறு என்பது இப்போது பிடிபடுகிறது. அடுத்து ஒன்று: நான் நிற்கும் இடம் எந்த அட்சம் என்று, ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பூமியின் மையத்துக்குப் போய்க் கையை உயர்த்த முடியாதே.

#12 விண்மீன்பித்தன்

மையத்துக்குப் போக வேண்டாம், அந்தக் கோணம் வானத்தில் எழுதியிருக்கிறது! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

வட பாதியில் இருப்பவர் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து, அடிவானத்திலிருந்து அது எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் போதும். அந்த எண்தான் அவருடைய அட்சம். நிலநடுக்கோட்டில் அது அடிவானத்தை ஒட்டியிருக்கும், வட துருவத்தில் நேர் தலைக்கு மேலே. காரணம் எளிமையானது. பூமியின் அச்சு நிலநடுக்கோட்டுத் தளத்துக்குச் செங்குத்து. உங்கள் அடிவானத் தளம் உங்கள் காலடியில் தொங்கும் தூக்குநூலுக்கு (எடை கட்டித் தொங்கவிட்ட நூல்) செங்குத்து. தூக்குநூலுக்கும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் நடுவே உள்ள கோணம் அட்சம். இரண்டு கோடுகளையும் செங்கோணம் திருப்பினாலும் நடுவே உள்ள கோணம் மாறாது. ஆகவே அச்சுத் திசைக்கும் அடிவானத்துக்கும் நடுவே அதே கோணம். அச்சு நீளும் திசையில் கிட்டத்தட்ட அந்த நட்சத்திரம் இருக்கிறது. சரியாக அச்சிலேயே இல்லை, முக்கால் டிகிரிக்கும் குறைவாக விலகியிருக்கிறது. துல்லியம் வேண்டுவோர் அதற்குத் திருத்தம் போடுவார்கள்.

தென் பாதியில் இப்படிப் பளிச்சென்று கைகொடுக்கும் துருவ நட்சத்திரம் இல்லை. பகலில் சூரியன் எல்லாருக்கும் பொது. மார்ச் 21 வாக்கில் நண்பகல் சூரியன் 50 டிகிரி உயரத்தில் தெற்கே நின்றால், 90-லிருந்து 50 போக 40 டிகிரி வடக்கு. மற்ற நாட்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தெற்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்று அட்டவணை பார்த்துச் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டும். ஜூன் 21-ல் அதே 40 டிகிரியில் சூரியன் 73.4 டிகிரி உயரத்தில் நிற்கும்: 90 - 73.4 + 23.4 = 40.

#13 கடலோடி

விண்மீன்பித்தன் தம்பி சொன்ன நண்பகல் அளவை செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைக் கொண்டு எடுப்போம். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும். சூரியன் ஏறிக்கொண்டே போய் ஒரு கணம் நிற்பது போல் தயங்கும், பிறகு இறங்கத் தொடங்கும். அந்த உச்சி அளவுதான் கணக்குக்கு.

அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் இந்தியப் பெருங்கடலில் அரபு மாலுமிகள் கமால் என்ற கருவியை வைத்திருந்தார்கள். ஒரு சிறு செவ்வகப் பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக நீட்டி, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் சரியாக உட்கார்ந்தால் அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். பிறகு அந்த உயரம் மாறாமல் கிழக்கேயோ மேற்கேயோ போனால் துறைமுகம் தானே வரும். தூரம் அதிகமானாலும் பாதுகாப்பான வழி அது. தீர்க்கத்தைக் கடலில் துல்லியமாகக் கண்டுபிடிக்க 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அட்சத்துக்குப் பூஜ்யம் எங்கே என்பதைப் பூமியின் சுழற்சியே தீர்மானித்துவிட்டது. அச்சும் நிலநடுக்கோடும் யாரும் கூடிப் பேசி வைத்தவை அல்ல. தீர்க்கத்தின் பூஜ்யத்தை 1884-ல் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூடி கிரீன்விச் என்று முடிவு செய்தது. "எல்லாமே கற்பனைக் கோடுகள்" என்று ஒரே மூச்சில் பாடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலநடுக்கோட்டைத் தரையில் யாரும் வரையவில்லை என்பது உண்மை. ஆனால் அது இருக்கும் இடம் நம் கற்பனையில் இல்லை.

#14 புதுவாசகி

அப்படியானால் கடகரேகை, மகரரேகை? 23½ டிகிரி என்று வைத்ததும் யாராவது முடிவு செய்ததா? அதோடு தேர்வில் அடிக்கடி வருகிற கேள்வி: மொத்தம் எத்தனை அட்சரேகைகள்? ஒரு புத்தகத்தில் 180, இன்னொன்றில் 181, வேறொன்றில் 179 என்று இருக்கிறது.

#15 விண்மீன்பித்தன்

முதல் கேள்விக்கு நான். அவையும் இயற்கை போட்டவைதான். பூமியின் அச்சு அதன் சுற்றுப்பாதைக்குச் செங்குத்தாக நிற்காமல் சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் நேர் உச்சிக்கு வரக்கூடிய வடக்கு எல்லை 23.4 டிகிரி வடக்கு, தெற்கு எல்லை அதே அளவு தெற்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள எந்த இடத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சியில் நிற்கும், வெளியே ஒருபோதும் இல்லை. 90-லிருந்து அந்தச் சாய்வைக் கழித்தால் 66.6. அதுதான் ஆர்க்டிக் வட்டமும் அண்டார்க்டிக் வட்டமும்.

சாய்வு நிலையானது அல்ல. ஏறக்குறைய 41,000 ஆண்டுச் சுழற்சியில் 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் நடுவே ஊசலாடுகிறது. இப்போது குறைந்து வருகிறது. அதனால் கடகரேகையும் மகரரேகையும் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்கின்றன, துருவ வட்டங்கள் துருவத்தை நோக்கி நகர்கின்றன. "23½" என்பது வகுப்புக்குப் போதும், இன்றைய நிலையைச் சரியாகச் சொன்னால் 23 டிகிரி 26 நிமிடம்.

#16 கோணமானி

இரண்டாவதுக்கு நான். டிகிரிக்கு ஒன்று என்று வரைந்தால் வடக்கே 1 முதல் 89 வரை, தெற்கே 1 முதல் 89 வரை, நடுவில் நிலநடுக்கோடு: 89 + 89 + 1 = 179 வட்டங்கள். 90 வடக்கும் 90 தெற்கும் வட்டங்கள் அல்ல, புள்ளிகள். அவற்றையும் எண்ணினால் 181. 180 என்பது 90-ஐயும் 90-ஐயும் கூட்டியது, அல்லது 181-லிருந்து நிலநடுக்கோட்டை விட்டுவிட்டது. தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை. ஆனால் இது பூமியைப் பற்றிய கேள்வியே அல்ல, எத்தனை டிகிரிக்கு ஒரு கோடு வரையலாம் என்று அச்சகம் எடுத்த முடிவைப் பற்றியது. 40-க்கும் 41-க்கும் நடுவே 40.5 இருக்கிறது, 40.51 இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் உண்டு. கைபேசி காட்டும் அட்சத்தில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.1 மீட்டர்.

#17 நிலஅளவையர்

இனி அந்த 111-ஐக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். கோணமானி "ஏறத்தாழ ஒன்றுதான்" என்று கவனமாகச் சொன்னார். நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி அட்சம் 110.57 கி.மீ., துருவத்தருகே 111.69 கி.மீ. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வித்தியாசம். பூமி துருவங்களில் தட்டையானது: மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கி.மீ., துருவத்துக்கு 6,357 கி.மீ. இங்கே பலரும் குழம்புவார்கள். துருவம் மையத்துக்கு அருகில் என்றால் அங்கே டிகிரி சிறியதாகத்தானே வர வேண்டும்? ஏன் பெரியதாக வருகிறது?

விடை தூக்குநூலில் இருக்கிறது. நாங்கள் அளக்கும் அட்சம் மையத்தில் உள்ள கோணம் அல்ல. தரைக்குச் செங்குத்தான கோடு நிலநடுக்கோட்டுத் தளத்தோடு செய்யும் கோணம். விண்மீன்பித்தன் அடிவானத்தை வைத்து அளந்ததும் இதைத்தான். தரை தட்டையாக இருக்கும் இடத்தில், செங்குத்துத் திசை ஒரு டிகிரி திரும்ப நீங்கள் அதிக தூரம் நடக்க வேண்டும். அதிகமாக வளைந்த இடத்தில் குறைந்த தூரத்திலேயே திரும்பிவிடும். துருவத்தில் பூமி தட்டை, ஆகவே டிகிரி நீளம். இரண்டு கோணங்களுக்கும் உள்ள வேறுபாடு 45 டிகிரியை ஒட்டி அதிகபட்சம், அங்கேயும் 12 நிமிடத்துக்குக் குறைவு.

இதை அளந்து நிரூபித்த கதை பெரியது. பூமி துருவத்தில் தட்டை என்றார் நியூட்டன். பாரிசில் வானியலாளர்களான காசினி குடும்பத்தார் தங்கள் அளவைகளை வைத்து அது துருவத்தில் நீண்டது என்றார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் இரண்டு குழுக்களை அனுப்பியது. கோதின், புகேர், லா கோண்டமின் ஆகியோர் 1735-ல் இன்றைய எக்வடோர் நாட்டுக்குப் போனார்கள். மோபெர்ட்டுயி 1736-ல் ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள லாப்லாந்து போனார். வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: நட்சத்திரத்தைக் கொண்டு அட்சம் ஒரு டிகிரி மாறும் வரை வடக்கு தெற்காகத் தரையை அளப்பது. லாப்லாந்து டிகிரி நீளமாக இருந்தது, நியூட்டன் சொன்னது நின்றது. லா கோண்டமின் பாரிஸ் திரும்பியபோது 1745 ஆகிவிட்டது. ஆண்டீஸ் மலையில் அவர்கள் பட்ட பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலைமுறை மேல் பெரும் மரியாதை வரும். ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக அத்தனை ஆண்டுகள்.

எக்வடோரில் நிலநடுக்கோட்டுக்கென்று எழுப்பிய பெரிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. இன்றைய ஜிபிஎஸ் கணக்கில் உண்மையான கோடு அதற்கு ஏறக்குறைய 240 மீட்டர் தள்ளிப் போகிறது.

#18 விண்மீன்பித்தன்

நிலஅளவையர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. ஓர் இடத்தின் அட்சமே மெல்ல ஆடுகிறது. பூமியின் மேலோட்டுக்கு அதன் சுழல் அச்சு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை. துருவப் புள்ளி சில மீட்டர் அகலத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க வானியலாளர் சேத் சாண்ட்லர் 1891-ல் இந்த ஆட்டத்தின் காலத்தைக் கண்டறிந்தார், இன்றைய மதிப்பு சுமார் 433 நாள்.

இதைக் கண்காணிக்க 1899-ல் பன்னாட்டு அட்ச சேவை என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. ஜப்பானில் மிசுசாவா, இத்தாலியில் கார்லோஃபோர்ட்டே, அமெரிக்காவில் யூகையா உட்பட ஆறு நிலையங்கள், ஆறும் ஒரே அட்சரேகையில்: 39 டிகிரி 8 நிமிடம் வடக்கு. ஏன் ஒரே அட்சம்? பூமி சுழலச் சுழல எல்லா நிலையங்களுக்கும் அதே நட்சத்திரங்கள் அதே உயரத்தில் தலைக்கு மேலே வரும். நட்சத்திர நிலைகளில் உள்ள பிழை ஆறு பேருக்கும் ஒன்றாகவே இருக்கும், கழித்துவிடலாம். குளோபில் ஒரு வளையம் என்று நாம் பார்ப்பது இப்படி ஒரு கருவியாகவே பயன்பட்டிருக்கிறது.

#19 நீலப்பந்து

நான் எதிர்பார்த்ததைவிட மிக ஆழமாகப் போய்விட்டீர்கள், ஒவ்வொருவருக்கும் நன்றி. கை உயர்த்துவது, நூல் சுற்றுவது, ரப்பர் பேண்ட் மூன்றையும் ஒரே பாடவேளையில் வைக்கப் போகிறேன். இன்னும் இரண்டு கேட்கிறேன். ஒரே அட்சத்தில் உள்ள இடங்களில் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கும் என்று எழுதித் தரலாமா? பிறகு, 30 டிகிரி என்பது துருவத்துக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் 30 வடக்குக்கும் 30 தெற்குக்கும் நடுவே பூமியில் மூன்றில் ஒரு பங்கு நிலமும் கடலும் இருக்கிறது என்று சொல்லலாமா?

#20 கடலோடி

வெப்பநிலை பற்றி அப்படி எழுத வேண்டாம். அட்சம் சூரியன் எவ்வளவு உயரம் ஏறும், பகல் எவ்வளவு நீளும் என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். மற்றதைக் கடல் நீரோட்டமும் காற்றும் உயரமும் மாற்றிவிடும். ரோமும் சிகாகோவும் ஏறக்குறைய ஒரே அட்சம், குளிர்காலம் இரண்டுக்கும் ஒன்றல்ல. நார்வேயின் பெர்கன் துறைமுகம் 60 டிகிரிக்கும் வடக்கே, ஆனாலும் குளிர்காலத்தில் கப்பல் தடையின்றிப் போய் வரும்.

#21 கோணமானி

பரப்பளவு மூன்றில் ஒரு பங்கு அல்ல டீச்சர், சரிபாதி! கோளத்தைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் ஓர் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். கோளத்தில் இரண்டு அட்சரேகைகளுக்கு நடுவே உள்ள பட்டையின் பரப்பும் உருளையில் அதே உயரத்தில் உள்ள பட்டையின் பரப்பும் சமம். இதை ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். நிலநடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி வரை ஏறினால் செங்குத்து உயரம் ஆரத்தில் பாதி. ஆகவே 30 வடக்கு முதல் 30 தெற்கு வரை பூமியின் பாதிப் பரப்பு. 60 டிகிரிக்கு அப்பால் இரண்டு துருவப் பகுதிகளையும் சேர்த்தாலும் 13.4 விழுக்காடுதான்.

1569-ல் மெர்கேட்டர் போட்ட முறையில் வரைந்த தாள் வரைபடத்தில் இது தலைகீழாகத் தெரியும். அங்கே 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவு போலத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரிது. அதனால்தான் இந்தப் பாடத்துக்குத் தாள் வரைபடத்தை விட்டுவிட்டுக் குளோபையே எடுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

#22 புதுவாசகி

நிலஅளவையர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. டிகிரியின் நீளம் மாறுகிறது என்றால் 45 டிகிரி அட்சரேகை நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் சரியாக நடுவில் இருக்காது, இல்லையா?

#23 நிலஅளவையர்

இருக்காது, சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அம்மா. வட பாதியை எடுத்துக்கொண்டால், நிலநடுக்கோட்டை ஒட்டிய பக்கத்தில் டிகிரிகள் சிறியவை. நிலநடுக்கோட்டிலிருந்து 45 வரை சுமார் 4,985 கி.மீ., 45-லிருந்து துருவம் வரை சுமார் 5,017 கி.மீ. மொத்தம் 10,002. அதில் பாதி 5,001. ஆகவே தூரக் கணக்கில் உண்மையான நடு இடம் 45 டிகிரி வளையத்துக்கு ஏறக்குறைய 16 கி.மீ. வடக்கே இருக்கிறது. தென் பாதியில் அதே அளவு தெற்கே.